எண்ணும் எண்ணமும்

'எண்ணுதல்' என்னும் ஒரே சொல்லால் கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் குறிக்கும் மொழி நம்முடையது. இவ்விரண்டும் பிரிந்து நின்றால் விளைவது யாது? சமூகத்தை ஆராயப் புள்ளியியலும் பொருளாதார அளவையியலும் பயன்படும் இக்காலத்தில் இஃது அறம் பற்றிய வினாவே ஆகின்றது.

எண்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1931இல் மகாலனோபிஸ் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கிற்று. முறையாகத் தேர்ந்த சில இல்லங்களை வினவிப் பெருநாட்டின் நிலையை அறியும் வழி பிறந்தது. எண்ணப்படாத வறியவர் ஆட்சியாளர் கண்ணுக்குப் புலப்படார். ஆதலின் எண்ணுதலும் ஓர் அறமே.

எனினும், சராசரி என்பது உயிருள்ள மனிதன் அன்று. இதனை நமக்கு உணர்த்தியது பொம்மனஹள்ளி. பெங்களூரின் ஓசூர்ச் சாலையையொட்டிய இப்பகுதியின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் உழைப்போருள் பெரும்பாலோர் பெண்கள். 2016 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கை, வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுக்கு முன் பெறலாகாது என்றது. முதுமைக்குச் சேமிப்பு வேண்டும் என்னும் நோக்கம் நன்றே. ஆனால், முதுமைவரை பணியில் நிலைக்கும் சராசரி ஊழியர் ஒருவரை மனத்திற்கொண்டே அவ்விதி அமைந்ததெனத் தோன்றுகிறது. தையற் பொறியின்முன் அமரும் பெண்களுள் பலரோ நடுவயதிலேயே வேலையை விடுபவர். பிள்ளைகளின் படிப்புக்கும் கடன் தீர்ப்பதற்கும் அந்நிதியையே நம்பியிருப்பவர். ஏப்ரல் 18ஆம் நாள் பொம்மனஹள்ளியில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் இறங்கினர். மறுநாள் போராட்டம் பரவியது, வன்முறையும் நேர்ந்தது. அன்றே அரசு அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது.

இங்குப் பிழை எண்களுடையதா? அன்று. சராசரியோடு நில்லாமல், எவ்வயதில் எத்தனை பேர் பணியை விடுகின்றனர் என்னும் பரவலை நோக்கியிருப்பின், எண்களே உண்மையை உரைத்திருக்கும்.

அளவையியலார் தம் சமன்பாட்டின் இறுதியில் 'பிழைக்கூறு' என ஒன்றை வைப்பர். சமன்பாட்டில் அடங்காதவை யாவும் அதனுட் செல்லும். கணிதத்திற்கு அது தவிர்க்கவொண்ணாதது. ஆயின், அக்கூறினுள் அடைபட்டோரும் நம்மைப்போல் பசியும் மானமும் உடைய மாந்தரன்றோ!

ஆகவே, ஆய்வாளர்க்கு இருவேறு கடமைகள் உள எனக் கருதுகிறோம். தம் அனுமானம் யாருக்குப் பொருந்தாது என்பதை ஒளியாது உரைத்தல் ஒன்று. அவர்தம் வாயிலிற் சென்று கேட்டறிதல் மற்றொன்று. இவை நிகழாத இடத்து, கணக்கு எத்துணை நுட்பமாயினும் அது பாதி எண்ணுதலேயாகும்.