ஈகையும் கடனும்

ஈகை உயர்ந்த பண்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், கடன்பட்டவன் தன் கடனைத் தீர்க்காது, அதில் ஒரு சிறுபகுதியைத் தருமமென்று எடுத்துக் கொடுப்பானாயின், அதனையும் ஈகை என்று போற்றலாமா? பிரித்தானியத் தீயணைப்பாளரின் அறநிதியத்தைப் பற்றிச் சிந்திக்கும்பொழுது இக்கேள்வியே நம்முன் எழுகின்றது.

இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில், வாரத்துக்கு 3 பவுண் ஊதியத்தில் துணைத் தீயணைப்புப் படையிற் சேர்ந்தோரை, போர்முனைக்கு அஞ்சி ஒளிந்தவர்கள் என்று எள்ளி நகையாடியோர் பலர். 1940 செப்டெம்பரில் ஜெர்மன் விமானங்கள் இலண்டன்மீது குண்டுமாரி பொழியத் தொடங்கின. 57 இரவுகள் ஓயாது பொழிந்தன. ஏளனம் செய்த வாய்களே வீரர் என்று வாழ்த்தத் தலைப்பட்டன. ஆயினும், வாழ்த்துரையால் இறந்தவனின் வீட்டில் உலை கொதிப்பதில்லை. தீயணைப்பாளரின் விதவைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் உதவும்பொருட்டு 1943இல் ஒரு நலநிதியம் தோன்றியது. இன்றைய அறநிதியத்தின் மூலம் அதுவே.

போர் முடிந்தது, தீ முடியவில்லை. உடல் ஊனமுற்றோர்க்கும் உள்ளம் நொந்தோர்க்கும் அந்நிதியம் இன்றும் துணைநிற்கின்றது. தீயணைப்பாளர் தம் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் சந்தா செலுத்துகின்றனர். நிலைய முற்றத்தில் ஊராரின் மோட்டார் வண்டிகளைக் கழுவியும் பணம் திரட்டுகின்றனர். ஊரைக் காக்கும் கைகளே, காயமுற்ற தோழனுக்காக ஊரின் வண்டிகளைக் கழுவும் காட்சியில் பெருமையும் உண்டு. நம்மை நாணச் செய்வதும் உண்டு.

நிதியத்தால் நலம்பெற்றோர் தத்தம் கதைகளை உலகறியச் சொல்கின்றனர். விபத்தில் நடை இழந்து, மீண்டும் நடை பயின்றவரின் கதை ஒன்று. காப்பாற்ற இயலாத உயிரொன்றின் நினைவால் ஆண்டுக்கணக்கில் உறக்கமிழந்தவரின் கதை மற்றொன்று. இக்கதைகளை நாம் எவ்வாறு கொள்வது?

கலங்காமையே பணிக்கு அழகெனப் பழகிய ஒருவர் வாய்திறந்து, "நானும் கலங்கினேன்" என்று கூறும்பொழுது, தனிமையில் வாடும் வேறொரு தோழர் ஆறுதல் பெறுகின்றார். அவ்வளவில் கதை மருந்தாகும். ஆனால், அதே கதை நம் இரக்கத்தை எழுப்பிப் பணப்பையைத் திறக்கச் செய்யும் மனுவாகவும் அமைந்துவிடுகின்றது. இங்கேதான் நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். உரிமை கதை கேட்பதில்லை. இரக்கமோ கதை கேட்கின்றது. உருக்கமாகச் சொல்ல வல்லவன் உதவி பெறுவான். சொல்லத் தெரியாதவனும், சொல்ல நாணுபவனும் என் செய்வர்?

ஓய்வூதியமும் அரசாங்க மருத்துவமும் அந்நாட்டில் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அவை எட்டாத இடத்திலன்றோ நிதியம் கைகொடுக்க நேர்கின்றது? தீயணைப்புப் பணி புற்றுநோய்க்குக் காரணமாவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2022இல் வகைப்படுத்தியது. எனவே, தீங்கு தீயோடு அணைவதில்லை. பல்லாண்டு கழித்தும் உடலில் வெளிப்படலாம். அதற்கான பொறுப்பும் அவ்வளவு காலம் நீளுதல் வேண்டும்.

தோழன் தோழனுக்குக் கொடுப்பது பிச்சையன்று; அது தோழமை. அந்தத் தோழமை என்றும் வாழ்க! ஆனால், அதனைக் காட்டிச் சமுதாயம் தன் கடனிலிருந்து விடுபட முடியாது. உண்டியலில் நாணயமிடுவோம், இட்டபின் கணக்குத் தீர்ந்ததென்று மட்டும் எண்ணாதிருப்போம்.