'சொறி' என்னும் சொல்



பஸ் வண்டியில் ஒருவர் காலை மிதித்தாலும் 'சொறி'. வீட்டில் மனைவியின் மனத்தை நோகடித்தாலும் அதே 'சொறி'. இந்த ஆங்கிலச் சொல் பிறந்த கதையை அறிவீர்களா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் 'சார்' என்றால் நோவு, புண். அதிலிருந்தே, நோவுற்ற நிலையைக் குறிக்க இச்சொல் பிறந்தது. ஆகவே இதைச் சொல்பவர், "உமக்கு நான் செய்த தீங்கு எனக்கும் நோகிறது" என்றே சொல்கிறார். நோகாமல் சொன்னால் அது வெறும் ஓசை. சில வேளை பொய்யுங்கூட.

பிள்ளை தவறினால், மன்னிப்புக் கேட்கும்படி கண்டிக்கிறீர்கள். குற்றமற்ற பிள்ளையை நீங்களே அவசரப்பட்டு அடித்துவிட்டால்? பெற்றோர் என்னும் பெருமை வாயைக் கட்டிவிடுகிறதல்லவா? அன்றிரவே அருகில் அமர்ந்து, "அப்பா செய்தது பிழை, மகன்" என்று சொல்லுங்கள். அதற்கு ஆங்கிலம் வேண்டியதில்லை.