மனம் வராதபோது புறப்படலாமா?



மராத்தான் ஓட்டம் சுமார் 42 கிலோமீட்டர் என்பதைப் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். அதையும் தாண்டிய ஓட்டங்கள் உண்டு. அவற்றுக்கு அல்ட்ரா மராத்தான் என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் இடையே நடக்கும் 'காம்ரேட்ஸ்' ஓட்டம் அவற்றுள் மிகப் பெயர்பெற்றது. தூரம் சுமார் 90 கிலோமீட்டர். மேடும் பள்ளமுமான பாதை. நம் செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போய்த் திரும்பினாலும் அவ்வளவு தூரம் ஆகாது. அதைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக, விக் கிளாப்பம் என்ற ரயில் எஞ்சின் ஓட்டுநர் 1921-ல் இதைத் தொடங்கினார். அந்த முதல் ஓட்டத்தில் புறப்பட்டவர் 34 பேர். முடித்தவர் 16 பேர். இக்காலத்தில் நம் நாட்டிலிருந்தும் பலர் அங்கே போய் ஓடுகிறார்கள்.

ஒருவன் இந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடினான். பிறகு காய்ச்சல் வந்தது. பிறகு வீட்டில் ஒரு சாவு. அதன்பின் அறுப்பு வேலை. பயிற்சி அறுந்துபோயிற்று. நாள் நெருங்கிவிட்டது. கால் தளர்ந்திருக்கிறது, அதைவிட மனம் தளர்ந்திருக்கிறது. பெயர் கொடுத்த நாளில் இருந்த ஆசை இப்போது துளியும் இல்லை. அவன் புறப்பட வேண்டுமா, வீட்டில் இருந்துவிட வேண்டுமா?

இது நமக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம். நம் பக்கத்தில் அல்ட்ரா மராத்தான் ஓடுவோர் சிலரே. ஆனால் ஆகஸ்டு 29-ல் கொடியேறி, செப்டம்பர் 8-ல் முடியும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்தே போகிறவர்கள் எத்தனை பேர்! இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். நேர்ந்துகொண்ட நாளில் இருந்த உருக்கம், புறப்படும் நாளில் எல்லாருக்கும் இருப்பதில்லை. நடக்காதவர்களுக்கும் இதே கேள்வி வீட்டிலேயே இருக்கிறது. படுத்த படுக்கையான மாமியாருக்கு மூன்றாம் வருஷமாகக் கஞ்சி ஊட்டும் மருமகளைக் கேட்டுப் பாருங்கள். தேர்வில் ஒருமுறை தவறி மறுபடியும் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.

இக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. உடல் தாங்குமா என்பது ஒன்று. மனம் வரவில்லையே என்பது மற்றொன்று. பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, இரண்டுக்கும் தவறான பதில் சொல்லிக்கொள்கிறார்கள்.

முதலில் உடலைப் பார்ப்போம். உடலுக்கென்று ஒரு கணக்கு உண்டு. நாம் உண்ணும் சோற்றிலிருந்து உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிதான். அறுபது கிலோ எடையுள்ளவன் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 60 கலோரி செலவாகும். ஆகவே முப்பது கிலோமீட்டர் கடக்கும்போது அந்தச் சேமிப்பு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் உடற்கொழுப்பும், வழியில் உண்பதும், நெடுநாள் பழக்கமுமே ஆதாரம். பயிற்சி ஒரு வாரம் நின்றால் பெரிய நஷ்டமில்லை. இரண்டு மூன்று வாரம் நின்றால் மூச்சின் பலம் குறையத் தொடங்குகிறது. தசைநாண்கள் உறுதிப்படவோ மாதங்கள் ஆகும். விட்டுப்போனதைக் கடைசி வாரத்தில் ஈடுகட்டப் பார்ப்பது, நெற்பயிருக்குப் பாய்ச்சாத நீரையெல்லாம் அறுப்புக்கு முந்தின நாள் பாய்ச்சுவதுபோல் ஆகும். பயிருக்கும் பயனில்லை, வயலும் கெடும். ஆகவே உடல் 'முடியாது' என்று சொன்னால் அதைக் கேட்க வேண்டும்.

மனம் 'வராது' என்று சொன்னால்? இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ஆசை என்பது நம் ஏவலுக்குக் கட்டுப்பட்டதல்ல. மழைபோல் வரும், போகும். ஆனால் தீர்மானம் நம் கையில் இருக்கிறது. அர்ச். இஞ்ஞாசியார் தம் ஞானப் பயிற்சிகளில் ஒரு விதி எழுதி வைத்தார்: மனம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில், தெளிவாயிருந்தபோது செய்த தீர்மானத்தை மாற்றலாகாது. இருட்டில் வழியை மாற்றுகிறவன் நல்ல வழியைக் கண்டுபிடிப்பது அரிது அல்லவா?

"மனமில்லாமல் செய்வது வேஷமல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். அல்லவே அல்ல. இல்லாத பக்தியை இருப்பதாகப் பிறருக்குக் காட்டினால் அது வேஷம். ஆசையில்லாமலே தன் கடமைக்கு எழுந்து போகிறவன் யாரையும் ஏமாற்றவில்லை. அவன் தன் வாக்கைக் காக்கிறான். கண்ணீர் மல்கச் சொல்லும் ஜெபமாலைக்கு மதிப்புண்டு. தூக்கத்தை விரட்டி விரட்டிச் சொல்லும் ஜெபமாலைக்கும் மதிப்புண்டு.

காம்ரேட்ஸ் ஓட்டத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. 1860 முதல் நம் தமிழ் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போய் இறங்கிய துறைமுகம் அந்த டர்பன்தான். ஆயினும் 1975 வரை அந்த ஓட்டத்தில் வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டுமே இலக்கமும் பதக்கமும் கிடைத்தன. 1935-ல் ராபர்ட் முட்ஷாலி என்ற கறுப்பின மனிதர் இலக்கமில்லாமலே ஓடி முடித்தார். அவர் பெயர் அன்றைய முடிவுப் பட்டியலில் ஏறவில்லை. பதக்கம் உண்டு என்ற ஆசை அவரை இழுக்கவில்லை, ஆனாலும் ஓடினார். இப்போது அந்த ஓட்டத்தில் ஒரு பதக்கத்துக்கே அவர் பெயர் இட்டிருக்கிறார்கள்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் விடாமுயற்சி என்னும் புண்ணியத்துக்கு இரண்டு பகைகளைக் காட்டுகிறார். ஒன்று, சுகம் இல்லையே என்று நல்ல காரியத்தைக் கைவிடும் மென்மை. மற்றது, நியாயமான எல்லையைத் தாண்டியும் பிடிவாதமாய்ப் பற்றிக்கொள்வது. புண்ணியம் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. பிடிவாதத்தைப் பக்தி என்றும் வீரம் என்றும் மெச்சுவது நம்மிடையே உள்ள வழக்கம். அது தவறு.

காம்ரேட்ஸ் ஓட்டத்தை நடத்துகிறவர்கள் இதை நன்கு அறிந்திருக்கிறார்கள். முன்னதாகவே ஒரு மராத்தானைக் குறித்த நேரத்தில் முடித்துக் காட்டாதவனுக்கு அங்கே இடமில்லை. வழியில் ஆங்காங்கே நேர வரம்பு உண்டு. பிந்தியவனை நிறுத்தி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பன்னிரண்டு மணி நேரம் நிறைந்ததும் துப்பாக்கி வெடிக்கும். அதை வெடிப்பவர் ஓடிவருவோருக்கு முதுகு காட்டி நிற்பார். இரண்டடி தூரத்தில் யார் வருகிறார் என்று பார்த்தால் மனம் இளகுமல்லவா? எல்லை எல்லையாகவே இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி.

நம் கோட்டையின் வரலாறும் இதையே சொல்கிறது. 1690-ல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698 வரை நீடித்தது. அத்தனை ஆண்டுகள் ராஜாராம் இங்கே தாக்குப்பிடித்தார். கோட்டை விழப்போகும் தறுவாயில் வெளியேறினார். மராட்டிய நாடு திரும்பிப் போராட்டத்தைத் தொடர்ந்தார். ராஜகிரியின் உச்சியிலேயே சிறைப்பட்டிருந்தால் யாருக்கு லாபம்? திரும்புதல் எல்லாம் தோல்வியாகாது.

ஆகவே, நடைப்பயணம் புறப்படுகிறவர்களே, சிறுநீர் கறுத்துப்போனால், நெஞ்சு வலித்தால், பேச்சுத் தடுமாறினால், நின்றுவிடுங்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். தாகத்துக்கு மிஞ்சித் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து என்று அறியுங்கள். நேர்த்திக்கடன் ஆயிற்றே என்று அஞ்ச வேண்டாம். இயலாததைச் செய்ய ஆண்டவர் யாரையும் கட்டுவதில்லை. சொந்தமாய் நேர்ந்துகொண்டதை, அதற்குச் சமமான அல்லது மேலான நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ள 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. தகுந்த காரணமிருந்தால் அதைத் தளர்த்தப் பங்குக் குருவுக்கும் அதிகாரம் உண்டு. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மனம் மட்டுமே தடை என்றால், புறப்படுங்கள். முழுத் தூரத்தையும் நினைத்து மலைக்க வேண்டாம். அடுத்த ஊர்வரை நடங்கள். மருமகளே, இன்றைக்கு ஒரு வேளைக் கஞ்சியை ஊட்டுங்கள். உடல் ஓய்ந்துபோனால் வீட்டாரிடம் ஓர் இரவுக்கேனும் மாற்றாள் கேளுங்கள். அவரைத் தனியே ஓடவிட்டு வேடிக்கை பார்க்கும் மற்றவர்களே, அந்த மாற்றாள் நீங்கள்தான். தம்பி, இன்றைக்கு ஒரு பாடத்தைப் படி. ஆசை வழியில் வந்து சேர்ந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். வராவிட்டாலும் நடந்த தூரம் நடந்ததுதான்.