மழைக்கு முன் தட்ட வேண்டிய கதவுகள்

(புனித லூக்கா விழா, அக்டோபர் 18 - மறையுரை)



வார நாளாக இருந்தும், வயல் வேலையையும் கடல் வேலையையும் முடித்த களைப்போடு லூக்காவின் விழாவுக்கு வந்திருக்கிறீர்கள். வெளியே வானம் கறுத்து நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கமாகத் தொடங்கும் நாள் அக்டோபர் 20 என்று வானிலைத் துறையினர் சொல்வார்கள். பவுல் கொலோசையருக்கு எழுதிய மடலில் அன்பு மருத்துவர் என்று குறிப்பிடும் லூக்காவின் விழா, மழைக்கு இரண்டு நாள் முன்னதாக வருகிறது. நம்மைப் போன்ற கடைமடைக் கடற்கரை ஊர்களுக்கு இது பொருத்தமான விழா என்றே நினைக்கிறேன்.

முதல் வாசகத்தில் பவுல் சிறையில் இருக்கிறார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். லூக்கா ஒருவர்தான் பக்கத்தில். அந்த நிலையில் திமொத்தேயுவிடம் ஒன்று கேட்கிறார்: துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டு வந்த போர்வையை எடுத்து வா என்கிறார். இன்று நாம் வாசிக்காத, அதே அதிகாரத்தின் கடைசிப் பகுதியில், குளிர்காலம் தொடங்குமுன் வந்து சேரப் பார் என்றும் கேட்டுக்கொள்கிறார். மூன்றாம் விண்ணகம் வரை எடுத்துச் செல்லப்பட்டதைப் பற்றிப் பேசியவர், குளிருக்குப் போர்வை கேட்கக் கூச்சப்படவில்லை. திருச்சபையும் இதை உலக விஷயம் என்று ஒதுக்கிவிடாமல் இறைவார்த்தையாகவே பீடத்திலிருந்து வாசிக்கிறது.

அந்தப் போர்வை எங்கே இருக்கிறது, யார் வீட்டில் இருக்கிறது என்று பவுலுக்குத் தெரியும். குளிருக்கு முன் அதைக் கொண்டுவந்து சேர்க்க ஓர் ஆள்தான் வேண்டும். நம் ஊரின் நிலையும் இதுதான். மழைக்கால நோய்க்கு வேண்டியதில் பெரும்பகுதி நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள்தான் குறைவு.

நற்செய்தியில் இயேசு எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்புகிறார். இந்த நிகழ்ச்சியை எழுதி வைத்தவர் லூக்கா மட்டும்தான். வீட்டுக்குள் போங்கள், அமைதி சொல்லுங்கள், அங்குள்ள நோயாளிகளைக் குணமாக்குங்கள் என்கிறார் ஆண்டவர். அந்த எழுபத்திரண்டு பேரில் ஒருவருடைய பெயரைக்கூட நற்செய்தி சொல்லவில்லை. இன்று ஒரு அன்பியக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் போன்ற எளிய மக்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

அப்படிப்பட்ட எளியவர்களால் என்ன முடியும் என்று நாமே பார்த்திருக்கிறோம். 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததே, அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சாலையில் விழுந்து கிடந்த தென்னையை முதலில் வெட்டி வழி செய்தவர்கள் அந்தந்தத் தெருக்காரர்கள்தான். உதவி வண்டிகள் பிறகுதான் வந்தன. சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார், குளிர்பெட்டி ஓடாது, அவர் மருந்தை என்ன செய்வது என்று வெளியூரிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும்.

நம் பங்கு அலுவலகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை கொண்டுபோகும் வீடுகளின் பட்டியல். படுக்கையில் இருப்பவர்கள், கண் தெரியாதவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழும் பெற்றோர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஆண்டவருடைய திருவுடல் அந்த வீட்டுக்குள் போகிறது என்றால், அந்த வீட்டில் மாத்திரை இருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா, குடிக்க வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறதா என்கிற கேள்வியும் கூடவே போகத்தான் வேண்டும். அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நம் பட்டியலில் உள்ளவர்களில் யாருக்கு இன்னும் அது கிடைக்கவில்லை என்று பார்த்து, கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். அவரும் நம் தெருக்களில் நடந்து போகிறவர்தான். கர்ப்பிணிகளின் விவரம், தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகளின் விவரம் எல்லாம் அவர் கையில் இருக்கிறது. அவரை நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பேசியிருக்கிறோமா?

இனி கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கல்லறைகளைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பூவும் மெழுகுதிரியும் வைத்துச் செபிப்போம். அன்பான, அழகான வழக்கம் இது. ஆனால் பூ செருகிய பிளாஸ்டிக் கோப்பையும், மெழுகுதிரி எரிந்து முடிந்த கண்ணாடிக் குவளையும், அகல் விளக்கும் அங்கேயே கிடக்கின்றன. அடுத்த மழையில் அத்தனையும் நிரம்புகின்றன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. இப்படித் தேங்கிய தெளிந்த நீர் கொஞ்சம் போதும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். இந்தக் கொசு அதிகத் தூரம் பறப்பதுமில்லை. கல்லறையில் பிறந்தது கல்லறைக்குப் பக்கத்திலுள்ள பள்ளிப் பிள்ளையைப் பகல் நேரத்தில் கடிக்கும். இறந்தவர்களுக்காக நாம் வைத்த பூவால் ஒரு குழந்தை படுக்கையில் விழக் கூடாது. இந்த ஆண்டு மந்திரிப்பு முடிந்த மறுநாள் மாலை, இளையோர் இயக்கம் சாக்கோடு கல்லறைக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோவில் வாசலில் உள்ள தீர்த்தத் தொட்டியையும், கெபியின் முன்னுள்ள சிறு குளத்தையும் சனிக்கிழமைதோறும் வடித்துத் தேய்த்துக் காயவைக்க ஏற்பாடு செய்கிறேன். நம் வீட்டைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும்.

காய்ச்சலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் வந்தால் நாம் மெடிக்கல் ஷாப்பில் 'ஒரு செட் மாத்திரை' வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அதில் என்னென்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின், புரூஃபென் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். இன்னொன்று, காய்ச்சல் விட்டதும் தப்பித்தோம் என்று நினைக்கிறோம். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போதல், பிள்ளை சோர்ந்து கிடத்தல் இவற்றைப் பார்த்தால் விடியட்டும் என்று இருக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். நாற்று நடவிலும் களையெடுப்பிலும் காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் நிற்கிற தாய்மாரே, உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் வயலில் வேலை செய்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலைத் தொடக்கத்திலேயே சந்தேகிக்க அந்த ஒரு சொல் அவருக்கு உதவும். நிலவேம்புக் குடிநீரை மண்டபத்தில் கொடுக்கிறோம், தொடர்ந்து கொடுப்போம். அதைக் குடித்துவிட்டோம் என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது சரியன்று. செபத்தைச் சாக்காக வைத்துத் தள்ளிப்போடுவதும் சரியன்று. சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் வாசியுங்கள். நோயில் ஆண்டவரிடம் மன்றாடச் சொல்லும் அதே பகுதி, மருத்துவருக்கும் இடம் கொடு என்கிறது. மருந்தை மண்ணிலிருந்து உண்டாக்கியவர் கடவுளே என்கிறது.

நாங்கள் படிக்காதவர்கள், எங்களால் என்ன முடியும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. குளுக்கோஸ் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோயின. திலீப் மகலானபிஸ் என்ற மருத்துவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் சரியான அளவில் கலந்து, டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கோப்பையைக் கொடுத்தார். தாய் மகனுக்கும், அண்ணன் தங்கைக்கும் விடாமல் ஊட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. மருந்தை அளந்து தந்தவர் மருத்துவர். உயிரைப் பிடித்து நிறுத்தியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியவர்கள். அப்படிப்பட்ட கரைசல்தான் இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு அன்பியத்திலும் ஒரு வீட்டில் பத்துப் பொட்டலம் இருக்கட்டும். எந்த வீடு என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். நள்ளிரவில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் ஓடுவதற்கு ஒரு கதவு வேண்டும்.

மழைக்காலத்தில் உடம்பு மட்டும் நோவதில்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகு கரையில்தான். வேலையில்லாத நாளில் வட்டிக்கு வாங்குவதும், வட்டி கேட்டு வருகிறவருக்குப் பயந்து உள்ளே ஒடுங்குவதும் நடக்கிறது. குடியும் அப்போதுதான் கூடுகிறது, அடியும் அப்போதுதான் விழுகிறது. வின்சென்ட் தே பவுல் சபையினர் அரிசி கொடுக்கிறார்கள். அதோடு அந்தத் திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். மனம் உடைந்து பேசுகிறவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகத் தமிழிலேயே கிடைக்கும். கூட இருந்து அழைத்துக் கொடுங்கள்.

திருப்பலி முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளர்கள் கெபி முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதல் வெள்ளிப் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்துத் தருகிறேன். இருவர் இருவராகப் போங்கள். ஒரு பெரியவரோடு ஓர் இளையவர் போகட்டும். நம் மறையைச் சேராத வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகாதீர்கள், கொசுவும் வெள்ளமும் அப்படிப் பார்ப்பதில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எத்தனை நாளைக்கு இருக்கிறது, வெள்ளம் வந்தால் உங்களைத் தூக்கிக்கொண்டு வர யார் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தத் தாள்கள் என் கைக்கு வர வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு செவிலியரைப் பார்க்கப் போகிறேன். என்னோடு வர விரும்புகிறவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள்.