சுவரில் ஒரு கோடு

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் என் மனைவி இந்தப் பேச்சை எடுப்பாள். "என்னங்க, இந்த வருஷமாவது அந்தக் கோட்டை அழிச்சிடலாமா?"

கூடத்துச் சுவரில், சுவிட்ச் போர்டுக்கு நாலு விரல் மேலே, பென்சிலால் நான் போட்ட கோடு. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்ட தண்ணீரோடு அடையாறு அனகாபுத்தூருக்குள் புகுந்தது. அன்றைக்கு நின்ற மட்டம் அது. நாங்கள் மொட்டைமாடியில் பிழைத்துக்கொண்டோம். தறியில் பூட்டியிருந்த பாவு மட்டும் சேற்றில் ஊறி, தொட்டால் கையோடு வந்தது.

கோட்டைப் பார்த்தாலே அவளுக்கு வயிற்றைப் பிசையும். கெட்டதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தினமும் சோறு தின்ன வேண்டுமா என்பாள். நியாயம்தான். எனக்கும் அதற்குச் சரியான பதில் இருக்கவில்லை.

போன வருஷம் இலங்கைக்குப் போயிருந்தோம். கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் சாலையில், ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரலிய என்ற கடலோரக் கிராமம். பாமியானில் 2001இல் தாலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்த புத்தரின் சாயலில், ஜப்பானியர் உதவியோடு எழுப்பிய சிலை அங்கே நிற்கிறது. பதினெட்டு மீட்டருக்கு மேல் உயரம். அண்ணாந்து பார்த்ததில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

2004 டிசம்பர் 26 காலை, சுனாமியின் முதல் அலையில் 'சமுத்திர தேவி' ரயில் இந்த இடத்தில் நின்றுபோனது. இவ்வளவு கனமான இரும்பு எங்கே அசையப்போகிறது என்று ஊர்க்காரர்கள் பெட்டிகள் மேல் ஏறினார்கள், பின்னால் ஒதுங்கினார்கள். அடுத்த அலை ரயிலையே புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நானாக இருந்தாலும் ஏறியிருப்பேன்.

ரயிலையே புரட்டிய கடலுக்கு ஒரு சிலை எம்மாத்திரம் என்று வேன் ஓட்டி வந்தவரிடம் கேட்டேன். "வாற ஆக்களெல்லாம் ஏன் இங்க சிலைன்னு கேப்பாங்க. கேட்டா சொல்லத்தானே வேணும், சேர்" என்றார்.

அவர் சொன்னதும் நினைவுக்கு வந்தது, ஜப்பானில் அனெயோஷி என்றொரு சிற்றூர். 1933 சுனாமிக்குப் பிறகு, இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று செதுக்கிச் சரிவில் ஒரு கல் நட்டார்கள். ஊரும் அதற்குக் கட்டுப்பட்டு மேட்டில் குடியிருந்தது. 2011இல் வந்த தண்ணீர் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் ஆற்றோரமாக மனை பார்க்க வருபவரிடம் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று யார் சொல்கிறார்கள்? வெள்ளத்தன்று வீட்டுக்குள் படகைப் பார்த்தவர்கள்கூடச் சொல்வதில்லை.

வாடகைப் போர்ஷனுக்கு அட்வான்ஸ் கொடுக்க வந்த பையன் கோட்டைப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க உயரம் அளந்ததா அங்கிள்?" என்றான். சொன்னேன். குடிவந்த அன்றே இன்வெர்ட்டரைப் பரண்மேல் ஏற்றிவிட்டான்.

இந்தப் பொங்கலுக்கும் வெள்ளையடித்தோம். பென்சில் மங்கிவிட்டதால் கோட்டை நீலப் பெயிண்டில் போட்டேன். மறுநாளே அதை மறைத்து அவள் காலண்டரை மாட்டிவிட்டாள். யாராவது கேட்டால் தூக்கிக் காட்டுகிறேன்.