ஆழாக்கு

ஆவணி

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராகப் பல பருவங்கள் வேலை பார்த்தவன் நான். மூட்டைக்கு 40 கிலோ, ஈரப்பதம் 17 சதம். அதற்கு மேல் காட்டினால் நெல்லைத் திரும்பக் களத்தில் கொட்டிக் காயவைக்கச் சொல்ல வேண்டும். விவசாயியின் முகம் சுருங்கும். "நேத்து ராத்திரி பனி சார்" என்பார். கருவிக்குப் பனியும் தெரியாது, மழையும் தெரியாது. அது ஓர் எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

இந்த மாதம் நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பெண் தாளை நீட்டினாள். வெறும் வயிற்றில் 148. மூன்று மாதச் சராசரி 7.4. "நேத்து ஒரு கல்யாணம், அதான்..." என்று என் வாய் தானாகச் சொன்னது. மூன்று மாதச் சராசரிக்கு நேற்றைய கல்யாணம் எங்கே தெரியப்போகிறது! வெறும் வயிற்றில் 126, சராசரி 6.5. இந்த வரப்பைத் தாண்டினால் சுகர்தான். நெல்லுக்காவது மழை பெய்த வருஷங்களில் டெல்லியிலிருந்து தளர்வு வரும்.

எனக்கு 52 வயது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். நிமிர்ந்து பார்த்து, "சோத்தக் கொறைங்க" என்றார். திருத்துறைப்பூண்டியில் பிறந்த ஒருவனிடம் இதைச் சொல்வது எளிது. அவன் வீட்டில் போய்ச் சொல்வதுதான் கஷ்டம்.

புரட்டாசி

அம்மாவிடம் ஓர் இரும்பு ஆழாக்கு இருக்கிறது. விளிம்பு தேய்ந்து, ஒரு பக்கம் லேசாக ஒடுங்கியது. எட்டு ஆழாக்கு ஒரு படி. காலையில் அரிசிப் பானைக்குள் கையை விட்டு அளக்கும்போது அவள் வாய் எண்ணாது, விரல்தான் எண்ணும்.

ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் அந்த ஆழாக்கை எடுத்து, தலைதட்டி அளந்து, தராசில் வைத்தேன். சுமார் 140 கிராம். அதில் 110 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. உடம்புக்குள் போனால் சர்க்கரை. ஆனால் அம்மா ஒருநாளும் தலைதட்டி அளந்ததில்லை. கேட்டால், "தலை தட்டுறது கடைக்காரன் வேல தம்பி" என்கிறாள். அவள் ஆழாக்கில் அரிசி எப்போதும் கோபுரமாகத்தான் நிற்கும்.

அப்பா ஒரு நாளைக்கு மூன்று ஆழாக்கு அரிசிச் சோறு சாப்பிட்டவர். விடியற்காலையில் நீராகாரம், பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து பழையது, மதியம் சோறு, ராத்திரியும் சோறு. கடைசிவரை ஒல்லி. ஏர் பிடித்தார், சேற்றில் மிதித்தார், நாற்றுமுடி சுமந்தார், கட்டு தூக்கினார். உண்டதை அன்றன்றைக்கே வயல் வாங்கிக்கொண்டது. இப்போது உழுவது டிராக்டர், அறுப்பது இயந்திரம், வயலுக்குப் போவது மோட்டார் சைக்கிளில். நான் நாற்காலியில் உட்கார்ந்து பட்டியல் எழுதியவன். அப்பாவின் வேலை எனக்கு வரவில்லை. அவர் தட்டு மட்டும் வந்துவிட்டது.

"போதும்மா" என்று கையை மறித்தேன். அம்மா கரண்டியைச் சோற்றிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று சாயங்காலம் வரை பேசவில்லை. எங்கள் பக்கத்தில் தட்டை மறிப்பவன் கோபக்காரன், இல்லையென்றால் நோயாளி. அவள் மகன் இரண்டில் எதுவாகவும் இருக்கக் கூடாது.

மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். முதலில் கீரையும் காயும் மீனும் தட்டில் வரும். அவை பாதி முடிந்த பிறகுதான் சோறு. காயையும் மீனையும் முன்னால் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும் என்று டாக்டரும் சொன்னார். அம்மா போடுவதற்குள் வயிறு பாதி நிறைந்திருக்கும். சண்டை இல்லை.

ஐப்பசி

அடைமழை. வேலை கிடையாது. வேலை இல்லாத நாளில்தான் டீக்கடை அதிகம்.

எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஐந்து டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. ஒரு கரண்டி நாலைந்து கிராம் என்றால், நாளுக்கு 40, 50 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. இனிப்பே சாப்பிடுவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

"மாஸ்டர், சீனி இல்லாம ஒண்ணு."

டீயை ஆற்றிக்கொண்டிருந்த கை ஒரு நொடி உயரத்தில் நின்றது. "சாருக்கும் வந்துருச்சா?" பெஞ்சில் இருந்த இரண்டு பேர் தங்கள் கிளாஸைக் காட்டிச் சிரித்தார்கள். அவையும் சீனி போடாதவை. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் கவனிக்கவில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சுகர் என்று கணக்குச் சொன்னது. 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்களாம். கோடி என்றால் மனதில் ஏறுவதில்லை. பெஞ்சில் மூன்று கிளாஸ் என்றால் ஏறுகிறது.

சீனியை விட்ட ஒருவர், சாயங்காலக் குவார்ட்டரை விடவில்லை. "அதுல சீனி இல்லல்ல" என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு என் "இனிப்பே சாப்பிடுவதில்லை" நினைவுக்கு வந்து அடங்கிவிட்டேன்.

முதல் நான்கு நாள் டீ கசந்தது. பிறகு தேயிலையின் ருசி தெரிந்தது. அது நன்றாக இருந்ததென்று சொல்ல முடியாது. பழகிவிட்டது.

கார்த்திகை

டிசம்பர் 6. நெல் ஜெயராமன் இறந்த நாள். 2018-இல், கஜா புயல் அடித்து மூன்றே வாரத்தில். தென்னை சாய்ந்த கணக்கே இன்னும் முடியவில்லை, அதற்குள் அந்தச் செய்தி. புற்றுநோய். 50 வயது. இப்போது நான் அவரைவிட மூத்தவன்.

இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வாரின் மாணவர். 2006-இலிருந்து இங்கே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், குடவாழை, கருப்புக் கவுனி என்று 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் அப்படிக் கைமாறிக் கைமாறி உயிர் பிழைத்தன.

இப்போது அந்த நெல்லின் பெயர்கள் மருந்துக்கடைப் பெயர்கள் மாதிரி ஆகிவிட்டன. கவுனி சாப்பிட்டால் சுகர் போய்விடும், காட்டுயானம் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று சொல்லிப் பொட்டலம் விற்கிறார்கள். நானும் காட்டுயானம் இரண்டு கிலோ வாங்கினேன். தவிடு நீங்காத சிவப்பு அரிசி. நார்ச்சத்து உண்டு, நன்றாக மெல்ல வேண்டும், சீக்கிரம் பசிக்காது. எல்லாம் சரி. ஆனால் "மருந்துதானே" என்று ஒரு பிடி கூடவே சாப்பிட்டேன். மூன்றாம் நாள் விரலில் குத்திப் பார்த்தால், எண் அசையவில்லை. காட்டுயானமும் அரிசிதான். தட்டில் எவ்வளவு என்று அதுவும் கேட்கும்.

பழைய சோற்றுக்கும் இதே கதை. வடித்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. புழுங்கல் அரிசிச் சோறு பச்சரிசிச் சோற்றைவிட நிதானமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது. பாட்டி காலத்து அறிவு வீண்போகவில்லை என்று மகிழலாம். அந்த மகிழ்ச்சியில் இரண்டு கும்பா சாப்பிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஜெயராமன் விதையைத்தான் கொடுத்தார். மருந்துச் சீட்டு எழுதியது நாம்.

மார்கழி

விடியலில் முள்ளியாற்றங்கரையில் நடக்கிறேன். பனி. ஆற்றில் தண்ணீர் ஓடும் சத்தம்கூட இல்லை. முதல் வாரம் முழங்கால் பேசியது. இப்போது பேசுவதில்லை.

திரும்பும் வழியில் பிறவி மருந்தீசர் கோயில். அசுவினி நட்சத்திரக்காரர்களுக்கு உரிய தலம் என்பார்கள். அசுவினி தேவர்களோ தேவலோகத்து வைத்தியர்கள். பிறவி என்கிற நோய்க்கே மருந்து கொடுப்பவர் இந்த ஊர்ச் சாமி. மார்கழிப் பொங்கலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். நெய் விரலில் ஒட்டுகிறது. பிரசாதத்தை மறுக்க முடியாது. ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு மீதியைப் பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையனிடம் கொடுத்தேன். அவன் தொன்னையைக் கவிழ்த்துத் தட்டித் தட்டித் தின்றான். அந்த வயதில் எல்லாம் எரியும்.

நடை என்றால் இந்த ஊருக்கு இன்னொரு நடையும் நினைவுண்டு. 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போன வழியில் எங்கள் ஊரும் இருந்தது. 150 மைல், பதினைந்து நாள். நாளுக்குப் பத்து மைல் நடை. அவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. சோறு போடுவதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாத மண் இது. அம்மாவின் கரண்டியை நான் தடுப்பதா?

அந்த உப்பும் இப்போது என் கணக்கில் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டி. நார்த்தங்காய் ஊறுகாய், மோர் மிளகாய், வடகம், முத்துப்பேட்டைக் கருவாடு. ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால், சமைக்கும் முன்பே தேக்கரண்டி நிரம்பிவிடுகிறது. கருவாட்டை வாரத்துக்கு ஒரு நாளாக்கினேன். ஊறுகாய் இன்னும் தோற்கடிக்கிறது.

தை

அறுவடை. நிலையம் திறந்தாயிற்று. தூசியில் நெல் வாசம்.

களத்தில் சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த பாட்டி, நான் மதியச் சாப்பாட்டுக்குத் தூக்கைத் திறந்தபோது எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், கோழிக்கு வச்ச மாதிரி?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். "எனக்கும் அதான். மாத்திர குடுக்குற பொண்ணு வீட்டுக்கே வருது. அதுவும் சோத்தக் கொறைக்கத்தான் சொல்லுது. எங்கப்பா காலத்துல கூலி அளக்குற மரக்காலே சின்னதா இருக்கும். அதுக்குத்தான் கொடி புடிச்சாங்க. இப்பவும் கொறைக்கத்தான் சொல்றீங்க."

எனக்குப் பதில் வரவில்லை.

இந்த மண்ணில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் நின்றது 1944-இன் மன்னார்குடி ஒப்பந்தத்துக்குப் பிறகு. விவசாயிகள் சங்கத்தின் கோரிக்கைகளில் முத்திரை போட்ட மரக்காலில் கூலி நெல் அளக்க வேண்டும் என்பதும் இருந்தது. அந்தச் சங்கத்தைக் கட்டிய பி. சீனிவாசராவ் கன்னடக்காரர், 1961-இல் மறைந்தார், அவர் நினைவிடம் எங்கள் ஊரில்தான். வயிறு நிறையச் சோறு என்பது இங்கே சிலருக்குப் பரம்பரையாக வந்தது. பாட்டியின் அப்பாவுக்கு அது வாங்கிய அடியின் விலை.

பாட்டிக்கு ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். கிடைப்பது மாதம் ஒரு கிலோ. காய்க்கும் முட்டைக்கும் மீனுக்கும் கைக்காசு வேண்டும். "சோத்தக் கொறைங்க" என்பது ஒரு வாக்கியம். குறைத்த இடத்தில் எதை வைப்பது என்பது கூலிக் கணக்கு. முன்பு வரப்பில் ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் சும்மா கிடைத்தன. களைக்கொல்லி அடித்த வரப்பில் இப்போது பறிக்கப் பயமாக இருக்கிறது என்கிறார் அவர்.

அவரிடம் சொல்ல முடியாததை இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன். அடுத்தவன் கை தட்டிவிடும் தலை அவமானம். தன் கையால் தன் ஆழாக்கைத் தலைதட்டுவது வேறு. ஆனால் அந்த இரண்டாவதைச் செய்ய, முதலில் ஆழாக்கு நிறைய இருந்திருக்க வேண்டும். எனக்கு இருந்தது. அதனால் என் பட்டினி ஞானத்தைப் பாட்டிக்கு உபதேசிக்க மாட்டேன். மறுநாள் மனைவி அவித்துக் கொடுத்த இரண்டு முட்டையையும் ஒரு கொத்துக் கீரையையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "சோறு இல்லாமயா?" என்று கேட்டார். இருவரும் சிரித்தோம்.

அம்மா இப்போது இரண்டு முறை அளக்கிறாள். வீட்டுக்குக் கோபுரமாக ஒன்று. பிறகு எனக்கென்று தனியாக ஒன்று. அதன்மேல் கட்டைவிரலை இழுக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நேற்றுத் தாள் வந்தது. வெறும் வயிற்றில் 118. மூன்று மாதச் சராசரி 6.7. மாத்திரை தொடர்கிறது. மதியச் சோறு அரை ஆழாக்கு, தலைதட்டி.