பொன்னாடையும் பணிக்கொடையும்

பொன்னாடை போர்த்துகிறோம். கைகளைத் தட்டுகிறோம். "தன்னலமற்ற தொண்டு" என்று தழுதழுத்த குரலில் பேசுகிறோம். விழா முடிகிறது, விளக்குகள் அணைகின்றன. போர்த்திய ஆடையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அம்மையார் வீடு திரும்புகிறார். அவருக்கு நாம் பட்ட கடன் தீர்ந்துவிட்டதா? பாராட்டு என்பது நாம் தரும் பரிசா, திருப்பிச் செலுத்த வேண்டிய கடனா? இதுவே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்பும் கேள்வி.

2022 மே 22. ஜெனீவாவில் உலகச் சுகாதார மாமன்றம் கூடிற்று. அவ்வாண்டு உலகச் சுகாதார நிறுவனத் தலைமை இயக்குநரின் விருதைப் பெற்றோர் வரிசையில் இந்திய நாட்டின் ஆஷா பணியாளர்களும் நின்றனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள்! 2005இல் தொடங்கப்பெற்ற ஊரகச் சுகாதார இயக்கத்தின் கால்கள் அவர்கள். கருவுற்ற பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், தடுப்பூசி நாளை வீட்டுக்கு வீடு நினைவூட்டுவதும் அவர்கள் பணி. கொரோனாவுக்கு அஞ்சி நாமெல்லாம் கதவடைத்துக் கிடந்தபோது, அக்கதவுகளைத் தட்டி நலம் கேட்டவர்களும் அவர்களே. ஆயினும் ஏட்டில் அவர்களுக்கு இட்ட பெயர் என்ன? தன்னார்வலர்! சம்பளம் அன்று, செய்த பணிக்கேற்ற ஊக்கத்தொகை. சில மாநிலங்களில் அதனோடு ஒரு மதிப்பூதியம்.

அந்த விருதுக்கு இருபத்தேழு நாள்களுக்கு முன், ஏப்ரல் 25 அன்று, நமது உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. அது ஆஷாக்களின் உடன்பிறப்புகள் போன்ற அங்கன்வாடிப் பெண்களைப் பற்றியது. குஜராத்திலிருந்து வந்த வழக்கு. "இவர்கள் பெறுவது சம்பளமன்று, மதிப்பூதியம், எனவே பணிக்கொடை கேட்க உரிமையில்லை" என்பது நிருவாகத்தின் வாதம். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் உண்டு என்றது நீதிமன்றம். அங்கன்வாடித் திட்டம் பிறந்தது 1975 அக்டோபர் 2இல். "நீங்களும் உழைப்பாளிகளே" என்று ஐயத்திற்கு இடமின்றிச் சொல்ல 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று! ஒரு திங்களில் நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்ற தகுதி; மறு திங்களில் உலக மன்றத்தில் தேடிவந்த புகழ். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள பள்ளத்தை நாம் கவனித்தோமா?

நாமும் கவனிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறோம். நாம் பணியாற்றும் பள்ளியை அடுத்தே ஓர் அங்கன்வாடி இருக்கிறது. பள்ளி ஆண்டுவிழாவில் அந்த மையத்தின் பணியாளரைப் பாராட்ட முடிவாயிற்று. வாழ்த்து மடலை எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. கல்லூரியில் கற்ற தமிழையெல்லாம் கொட்டினோம். "ஊருக்கே அன்னை" என்று எழுதினோம். அவையும் கைதட்டிற்று. மறுநாள் காலை, குழந்தைகளின் எடையைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டே அந்த அம்மையார் சொன்னார்: "நல்லா எழுதியிருந்தீங்க டீச்சர். ஆனா அம்மான்னு எழுதிட்டீங்களே, அம்மாவுக்கு யாருங்க சம்பளம் குடுப்பாங்க?"

சினமில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நமக்கோ சுருக்கென்றது.

அன்னை என்றோம், தியாகி என்றோம், தெய்வம் என்றோம். அன்னைக்குக் கூலி இல்லை. தியாகிக்குத் தேவை இல்லை. தெய்வத்திற்குப் பசியே இல்லை! உயர்த்தும் சொற்கள் என்று நாம் நினைத்தவை, உரிமையை மறைக்கும் திரைகளாக அன்றோ ஆகிவிட்டன? ஒருவரை மனிதநிலைக்கு மேலே ஏற்றிவிட்டால், மனிதருக்கு வேண்டியவற்றை அவருக்குத் தரவேண்டியதில்லை. எவ்வளவு மலிவான ஏற்பாடு!

"ஊதியம் கேட்டால் அன்பு என்னாவது? பணம் புகுந்தால் பரிவு போய்விடாதா?" என்பார் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறோம். மருத்துவர் கட்டணம் பெறுகிறார். அவருடைய இரக்கம் வற்றிவிட்டதா? ஆசிரியராகிய நமக்குத் திங்கள்தோறும் சம்பளம் வருகிறது. அதனால் மாணவரிடம் நமக்குப் பாசம் இல்லையா? நம்மிடம் கேட்காத கேள்வியை அவர்களிடம் மட்டும் கேட்பானேன்? வீட்டில் பெண்கள் கூலியின்றிச் செய்து பழகிய வேலையை வீதியிலும் அப்படியே செய்யட்டும் என்னும் பழைய நினைப்பன்றி வேறு காரணம் உண்டா?

2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரத்தில், தலைமைச் செயலகத்தின் எதிரே, கேரளத்து ஆஷாக்கள் அமர்ந்தனர். ஏழாயிரம் ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்குக என்பது கோரிக்கை. ஐம்பதாம் நாளில் கூந்தலைக் கத்தரித்தும் தலையை மழித்தும் தம் துயரை நாட்டுக்குக் காட்டினர். உலகம் விருதளித்து மூன்றாண்டுகூட நிரம்பவில்லை!

அப்படியானால் பாராட்டே வேண்டாமா? வேண்டும். ஏனெனில் இவர்கள் வேலையின் சிறப்பு கண்ணுக்குத் தெரியாத சிறப்பு. கட்டிய பாலத்தைக் காட்டலாம். வராத காய்ச்சலை யார் காட்டுவது? இறக்காத குழந்தையை எந்தக் கணக்கில் எழுதுவது? எந்த வீட்டில் எந்த முதியவர் மாத்திரையை நிறுத்திவிட்டார், எந்தக் குழந்தையின் எடை இரண்டு மாதமாக ஏறவில்லை என்பதெல்லாம் அவர்கள் நெஞ்சில் இருக்கும் ஊர்ப்படம். ஊதியம் மட்டும் தந்து அந்த அறிவை மதிக்காவிடில் அதுவும் அரைக் கடனே.

ஆகவே பாராட்டுக்கு மூன்று அடையாளங்கள் சொல்வோம். உழைப்பாளி என்ற சரியான பெயர். உழைக்கும் காலத்தில் ஊதியமும், ஓயும் காலத்தில் பாதுகாப்பும். ஊர்நலம் பற்றி முடிவெடுக்கும் அவையில் ஓர் இருக்கை. இம்மூன்றும் இருந்தால் பொன்னாடை அழகு. இல்லையேல் அது கடன்காரன் போர்த்தும் போர்வை.

அடுத்த ஆண்டுவிழாவிலும் வாழ்த்து மடல் எழுதும் பணி நமக்கே வரலாம். அன்னை என்னும் சொல் அதில் இராது. பணியாளர் என்று எழுதுவோம். அவர் ஆற்றிய பணிகளை ஒவ்வொன்றாக எழுதுவோம். அவருக்குச் சேரவேண்டியது இன்னும் எவ்வளவு என்பதையும் எழுதுவோம். கைதட்டல் குறைந்தால் குறையட்டும்.